சிடுசிடுப்புக்கு ஓர் அளவுகோல்: வினாப்பட்டியல் மொழி மாறும்போது

"தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறான். என்ன கேட்டாலும் சிடுசிடுப்பு." பிள்ளையைச் சிறுவர் மனநல மருத்துவரிடம் அழைத்து வரும் பெற்றோர் பலர் முதலில் சொல்லும் குறை இதுதான். இதை வைத்துக்கொண்டு மருத்துவர் உடனே எந்த முடிவுக்கும் வந்துவிட முடியாது. மனச்சோர்வு உள்ள பிள்ளையும் சிடுசிடுக்கும். பதற்றம் உள்ள பிள்ளையும் சிடுசிடுக்கும். இருமுனைக் கோளாறு, கவனக்குறைவு, ஆட்டிசம், தூக்கக் குறைவு என எதிலும் அது தலைகாட்டும். காய்ச்சல் பல நோய்களுக்குப் பொதுவாக இருப்பதுபோலத்தான் இதுவும். ஆனால் சிறார்களின் சிடுசிடுப்பை மட்டும் தனியே பிரித்து அளக்க, பரவலாக ஏற்கப்பட்ட கருவி ஒன்று 2012 வரை இல்லை. அந்தக் கருவி வந்த பிறகு எழுந்த கேள்வியைத்தான் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது: ஆங்கிலத்தில், அமெரிக்க, பிரிட்டிஷ் பிள்ளைகளை வைத்துச் செய்த அளவுகோலை வேறொரு மொழிக்கும் வேறொரு சமூகத்துக்கும் கொண்டுபோனால், அங்கேயும் அது அதையேதான் அளக்கிறதா?

கருவி தேவைப்பட்டதற்கு ஒரு கசப்பான பின்னணி உண்டு. அமெரிக்காவில் 1994-95இல், இருமுனைக் கோளாறு என்று கண்டறியப்பட்ட சிறார்களின் மருத்துவர் வருகைகள், நாட்டின் சிறார் தொகையில் ஒரு லட்சத்துக்கு 25 என்ற அளவில் இருந்தன. 2002-03இல் அது 1003 ஆகிவிட்டது. எட்டே ஆண்டுகளில் ஏறத்தாழ நாற்பது மடங்கு. இருமுனைக் கோளாற்றின் அடையாளம் விட்டுவிட்டு வரும் கிளர்ச்சிக் காலங்கள். நாள் முழுவதும், ஆண்டு முழுவதும் தணியாத கோபத்தோடு இருந்த பிள்ளைகளுக்கும் அதே பெயரைச் சூட்டத் தொடங்கியதுதான் இந்தப் பெருக்கத்துக்கு முக்கியக் காரணம். அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் எலன் லைபன்லுஃப்ட் குழுவினர் இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தார்கள். நாள்பட்ட சிடுசிடுப்பு உள்ள பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தபோது, அவர்களுக்கு வளர்ந்தபின் கூடுதலாக இருந்தது மனச்சோர்வும் பதற்றமும் வரும் வாய்ப்புதான். இருமுனைக் கோளாறு அரிதாகவே வந்தது. இதன் பயனாக 2013இல் வெளிவந்த டி.எஸ்.எம்-5 என்ற மனநோய் வகைப்பாட்டுக் கையேடு ஒரு புதிய நோய்ப்பெயரைச் சேர்த்தது. வாரத்துக்கு மூன்று முறையாவது கடுமையான கோப வெடிப்பு, இடைப்பட்ட நேரத்திலும் சிடுசிடுத்த மனநிலை, ஓர் ஆண்டு நீட்சி, வீடு பள்ளி என இரண்டு இடங்களிலாவது வெளிப்படுதல், பத்து வயதுக்குள் தொடக்கம் ஆகியவை அதன் வரையறை. வெடிப்பு சூழ்நிலைக்கு அளவுமீறியதாகவும் இருக்க வேண்டும். இந்த 'அளவு' யாருடைய அளவு என்பதுதான் நம் பேசுபொருளின் முடிச்சு.

பெயர் தவறினால் மருந்தும் தவறும். ஆட்டிசம் உள்ள சிறார்களின் சிடுசிடுப்புக்கு ரிஸ்பெரிடோன் மருந்தை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006இல் ஏற்றது. அரிபிப்ரசோலை 2009இல் ஏற்றது. இரண்டும் உளப்பிணி மருந்துகள். உடல் எடையைக் கூட்டக்கூடியவை. ஒரு பிள்ளையின் கோபத்தை மனச்சோர்வின் வாசலாகப் பார்ப்பதா, உளப்பிணி மருந்துக்கு உரிய அறிகுறியாகப் பார்ப்பதா, வளர்ப்பின் குறையாகப் பார்ப்பதா என்ற முடிவு ஒரு பக்கத் தாளில் போடும் டிக் குறிகளிலிருந்தும் தொடங்கலாம். அந்தத் தாளை எந்த மொழியில், எப்படி எழுதினார்கள் என்பதில் நான் இவ்வளவு அக்கறை காட்டுவது அதனால்தான்.

2012இல் ஆர்கிரிஸ் ஸ்ட்ரிங்காரிஸ், ராபர்ட் குட்மேன், லைபன்லுஃப்ட், மெலிசா பிராட்மன் முதலியோர் வெளியிட்ட அந்தக் கருவி மிகச் சிறியது. ஏழே வாக்கியங்கள். பிறரால் எளிதில் எரிச்சலடைவது, அடிக்கடி நிதானம் இழப்பது, கோபம் நெடுநேரம் தணியாமல் இருப்பது, பெரும்பாலான நேரம் கோபமாகவே இருப்பது, அடிக்கடி கோபம் வருவது, சட்டென்று நிதானம் இழப்பது என ஆறு; இவற்றால் பிள்ளைக்குத் தொல்லை நேர்கிறதா என்பது ஏழாவது. கடந்த ஆறு மாதத்தை மனத்தில் வைத்து, 'உண்மையில்லை', 'ஓரளவு உண்மை', 'நிச்சயம் உண்மை' என்ற மூன்றில் ஒன்றைத் தேர்வு செய்ய வேண்டும். முதல் ஆறின் மதிப்பெண்களைக் கூட்டினால் சுழியிலிருந்து பன்னிரண்டு வரை வரும். பிள்ளைக்கு ஒரு தாள், பெற்றோருக்கு ஒரு தாள்.

இதன் சிறப்பு அது கேட்காமல் விட்டதில் இருக்கிறது. அடித்தானா, பொருளை உடைத்தானா, எதிர்த்துப் பேசினானா என்று அது கேட்பதில்லை. பழைய அளவுகோல்கள் மனநிலையையும் முரட்டு நடத்தையையும் ஒரே கூடையில் போட்டிருந்ததால், உள்ளுக்குள் குமைந்தாலும் கையை நீட்டாத பிள்ளைகள் கணக்கில் வராமல் போனார்கள். புதிய பட்டியல் கோபம் எவ்வளவு எளிதில் வருகிறது, எத்தனை முறை வருகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்ற மூன்றை மட்டும் பிடித்துக்கொண்டது. பெத்தெஸ்டாவிலும் லண்டனிலும் சோதித்தபோது விடைகள் ஒன்றோடொன்று நன்றாக இசைந்தன. உள்ளிசைவுக் குறியீடு 0.9ஐ ஒட்டி நின்றது. ஆனால் நடத்தையைக் கழற்றிவிட்டபோது கூடவே ஒன்று கழன்றுபோயிற்று. கோபம் எதற்காக வந்தது என்று எங்கும் கேள்வி இல்லை. ஒரே சமூகத்துக்குள் இது பெரிய இழப்பில்லை, ஏனென்றால் எது கோபத்துக்குத் தக்க காரணம் என்பதில் கேட்பவரும் சொல்பவரும் ஏறக்குறைய ஒத்துப்போகிறார்கள். பட்டியல் கடல் கடந்ததும் அந்த உடன்பாடு கூட வருவதில்லை.

முதலில் கடல் கடந்த இடங்களில் ஒன்று பிரேசில். தெற்கு மாநிலமான ரியோ கிராண்டி டோ சுல்லின் தலைநகர் போர்ட்டோ அலெக்ரேயைச் சேர்ந்த டியோகோ டெசோசா, சில்வியா கொல்லர், கிசேலி மான்ஃப்ரோ, ஜியோவானி சலும் ஆகியோர், ஸ்ட்ரிங்காரிஸையும் லைபன்லுஃப்டையும் உடன் சேர்த்துக்கொண்டு, 2013இல் பிரேசிலியப் போர்த்துகீசிய வடிவத்தை வெளியிட்டார்கள். மூலத்தை ஆக்கியவர்களையே உடன் வைத்துக்கொண்டது நல்ல பழக்கம். ஒரு சொல்லின் குறி எது என்று சந்தேகம் வந்தால் ஊகிக்க வேண்டியதில்லை, கேட்டுவிடலாம். ஒரே பொருளை அளக்கும் ஒற்றைக் கட்டமைப்பு அங்கும் கிடைத்தது. எனினும் அவர்கள் தலைப்பிலேயே இதை முதற்கட்டச் சோதனை என்றுதான் சொன்னார்கள். பின்னால் வந்த பலர் அந்த அடைமொழியை மறந்துவிடுவது வருத்தத்துக்குரியது.

பிரேசிலுக்கு இத்துறையில் சொந்த மரபு உண்டு. வினாப்பட்டியலை மொழிமாற்றும் முறைக்கு உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படும் 2000ஆம் ஆண்டு வழிகாட்டியை எழுதிய நால்வரில் ஒருவர் சாவோ பாவ்லோவைச் சேர்ந்த மார்கோஸ் ஃபெராஸ். அந்த வழிகாட்டியின்படி இருவர் தனித்தனியே மொழிபெயர்க்க வேண்டும்: ஒருவர் பொருளை அறிந்தவர், மற்றவர் அறியாதவர். இரண்டையும் ஒன்றாக்கிய பின், மூலத்தைப் பார்த்திராத இருவர் அதை மீண்டும் மூலமொழிக்குக் கொண்டுபோக வேண்டும். பிறகு வல்லுநர் குழு. பிறகு முப்பது நாற்பது பேரிடம் முன்சோதனை. ரியோ டி ஜெனிரோவின் மைக்கேல் ரைஷன்ஹைமும் கிளாடியா மொராய்ஸும் 2007இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மொழிபெயர்ப்பைத் தொடுவதற்கு முன்பே, இந்தக் கருத்து நம் ஊரில் இதே உருவில் இருக்கிறதா, இந்த ஒவ்வொரு வினாவும் நம் ஊரில் அந்தக் கருத்தைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். கருத்தின் ஒப்புமை, வினாவின் ஒப்புமை, சொற்பொருளின் ஒப்புமை, கேட்கும் முறையின் ஒப்புமை, அளவின் ஒப்புமை என்று படிகள். ஐரோப்பாவில் மைக்கேல் ஹெர்ட்மனும் உடன்பணியாளர்களும் 1998இல் வகுத்த வரிசையிலிருந்து கிளைத்தது இது.

இந்தப் படிகளில் எளிதானவற்றுக்கு எல்லாரும் நேரம் ஒதுக்குகிறார்கள்; முதல் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். பல மொழிகளில் வெளிவந்த இத்தகைய ஆய்வுகளைப் படிக்கும்போது எனக்கு ஏற்பட்ட உறுதியான எண்ணம் இது. கருத்தின் ஒப்புமைக்கு ஒரு பத்தி. புள்ளியியலுக்குப் பத்துப் பக்கம்.

மீள் மொழிபெயர்ப்பை எடுத்துக்கொள்வோம். ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அது ஒரு சடங்காகவே நிலைத்துவிட்டது. திரும்பி வந்த வாக்கியம் மூலத்தைப் போலவே இருந்தால் மொழிபெயர்ப்பு சரி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் சொல்லுக்குச் சொல் வைத்த விறைப்பான வாக்கியம்தான் பழுதில்லாமல் திரும்பி வரும். பத்து வயதுப் பிள்ளை பேசும் நடையில் எழுதிய வாக்கியம் திரும்பும்போது வேறு உருவில் வந்து நிற்கும். ஆக, இந்தச் சோதனை சில நேரம் கெட்ட வாக்கியத்துக்குப் பரிசு தந்துவிடுகிறது. இதற்கு மாற்று, பிள்ளையை உட்காரவைத்து ஒவ்வொரு வாக்கியத்தையும் அதன் சொந்த வாயால் விளக்கச் சொல்வது. 'நெடுநேரம் என்றால் எவ்வளவு நேரம் என்று நினைத்தாய்?', 'கடைசியாக அப்படி நடந்தது எப்போது?' என்று கேட்டாலே மொழிபெயர்ப்பாளர் பார்க்காத ஓட்டைகள் தெரிந்துவிடும். செலவில்லாத வேலை. முன்சோதனை என்ற பெயரில் 'புரிந்ததா?' என்று மட்டும் கேட்டு, பிள்ளைகள் தலையாட்டியதை வெற்றியாக எழுதிவிடுவது ஆய்வாகாது.

இந்தப் பட்டியலுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. ஆறு வாக்கியங்களில் நிதானம் இழப்பது இரண்டு முறை வருகிறது: ஒருமுறை 'அடிக்கடி', ஒருமுறை 'சட்டென்று'. 'அடிக்கடி கோபம் வரும்' என்பது வேறு தனியே நிற்கிறது. ஆங்கிலத்தில் இந்த மூன்றுக்கும் இடையே மெல்லிய வேறுபாடு தொனிக்கிறது. போர்த்துகீசியத்தில் இதே பொருளுக்குப் பொறுமையை இழத்தல் என்றும் சொல்லலாம், தலையை இழத்தல் என்றும் சொல்லலாம். முதலாவது பேருந்துக்குக் காத்திருக்கும் எவருக்கும் நேர்வது. இரண்டாவது கண்மண் தெரியாமல் போவது. எதைத் தேர்ந்தாலும் மொழிபெயர்ப்பு பிழையாகாது; ஆனால் மதிப்பெண் மாறிவிடும். மென்மையான தொடரை வைத்தால் அமைதியான பிள்ளையும் 'ஓரளவு உண்மை' என்று குறிக்கும். கடுமையானதை வைத்தால் நிஜமாகவே அவதிப்படும் பிள்ளையும் 'உண்மையில்லை' என்று தள்ளிவிடும். அடிக்கடிக்கும் சட்டென்றுக்கும் இடையிலான கோடு மங்கிப்போனால் வேறொரு விளைவு வரும். ஒரே வாக்கியத்தை இரண்டு முறை கேட்டால் விடைகள் ஒத்துத்தான் இருக்கும். உள்ளிசைவுக் குறியீடு உயரும். லீ குரோன்பாக் 1951இல் தந்த அந்தக் குறியீடு 0.9ஐத் தொட்டதும் 'நம்பகமான கருவி' என்று எழுதிவிடுகிறார்கள். மொழிபெயர்ப்பில் நுட்பம் தொலைந்ததால்கூட எண் உயர்ந்திருக்கலாம் என்று யோசிப்பவர் குறைவு.

சொல் ஒருபுறம் இருக்கட்டும். கோபத்துக்கு ஊரில் என்ன இடம் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. இங்கே மானிடவியலாளர்கள் சேர்த்துவைத்த செல்வம் வினாப்பட்டியல் செய்வோர் கண்ணில் அதிகம் படவில்லை. ஜீன் பிரிக்ஸ் 1960களில் கனடாவின் வடகோடியில் உட்கு இனுயிட் மக்களிடையே ஒரு குடும்பத்தின் மகளாகத் தங்கி வாழ்ந்தார். பெரியவர்கள் கோபத்தைக் காட்டுவதே அங்கு இல்லை. கோபம் என்பது அறிவு முதிராத சிறு பிள்ளைகளுக்கு உரியது. வெளியூரிலிருந்து மீன்பிடிக்க வந்தவர்கள் படகைச் சேதப்படுத்தியபோது பிரிக்ஸ் உட்கு மக்களுக்காகவே அவர்களிடம் சீறினார். அதன் பிறகு உட்கு மக்களே அவரை மாதக்கணக்கில் ஒதுக்கிவைத்தார்கள். மைக்ரோனேசியாவின் இஃபலுக் தீவில் வாழ்ந்து கேத்தரின் லுட்ஸ் 1988இல் எழுதிய நூல் இதற்கு நேர்மாறான காட்சியைத் தருகிறது. அங்கு ஒருவகைக் கோபம் அறத்தின் குரல்: பகிர்ந்து உண்ணாதவன் மீது, முறை தவறியவன் மீது மூத்தவர்கள் அதைக் காட்டியே ஆக வேண்டும், அதைக் கண்டு அஞ்சுவதே நல்ல பிள்ளைக்கு இலக்கணம். 'பெரும்பாலான நேரம் கோபமாக இருக்கிறேன்' என்ற வாக்கியத்துக்கு உட்குப் பிள்ளை தரும் 'ஆம்' ஒரு வெட்கம். இஃபலுக்கில் அதே 'ஆம்', எந்தக் கோபம் என்று சொல்லாதவரை பொருளே அற்றது.

பிரேசிலுக்கு உள்ளேயே தொலைவுகள் உண்டு. நான்சி ஷெப்பர்-ஹியூஸ் 1992இல் வெளியிட்ட பெருநூல், வடகிழக்கின் கரும்புப் பூமியில், பெர்னம்புகோ மாநிலத்து மலைச்சேரி ஒன்றின் தாய்மாரையும் பிள்ளைகளையும் பற்றியது. அங்கு மக்கள் நடுக்கம், சோர்வு, தலைவலி, எரிச்சல், ஆத்திரம் எல்லாவற்றையும் 'நரம்பு' என்ற ஒற்றைச் சொல்லால் குறித்தார்கள். மருத்துவரிடம் நரம்புக்கு மருந்து கேட்டார்கள். அமைதிப்படுத்தும் மாத்திரைகள் கிடைத்தன. அந்த நரம்புப் பேச்சுக்கு அடியில் கிடந்தது பசி என்று ஷெப்பர்-ஹியூஸ் காட்டினார். பட்டினியைப் பட்டினி என்று சொல்ல வாய்ப்பில்லாத இடத்தில் அது உடம்பின் நோயாக உருமாறிப் பேசப்பட்டது. போர்ட்டோ அலெக்ரேயில் செம்மையாக்கிய வடிவத்தை அந்தச் சேரிப் பிள்ளையிடம் கொடுத்தால், சொற்கள் எல்லாம் புரியும். பதிலும் வரும். பன்னிரண்டுக்குப் பத்து மதிப்பெண்ணும் வரலாம். அதை வைத்து அந்தப் பிள்ளையின் மனநிலையில் கோளாறு என்று எழுதுவது, வயிற்றைப் பார்க்காமல் வாயை மட்டும் பார்ப்பதாகும். ஆர்தர் கிளைன்மன் 1977இலேயே எச்சரித்த வகைப்பாட்டுப் பிழை இதுதான்: ஓர் இடத்தில் பிறந்த நோய்வகையை இன்னோர் இடத்தில் தேடிப் போனால் அது கண்ணில் படத்தான் செய்யும், கண்ணில் பட்டது என்பதாலேயே அங்கு அதற்கு அதே பொருள் உண்டு என்றாகிவிடாது.

அளப்பவரின் கண் எப்படி மாறும் என்பதற்கு நான் அறிந்தவற்றில் மிகத் தெளிவான சான்று தாய்லாந்திலிருந்து வருகிறது. ஜான் வைஸ் குழுவினர் 1980களிலும் 90களிலும் தாய்லாந்து, அமெரிக்கச் சிறார்களை ஒப்பிட்டு ஆய்ந்தார்கள். 1995இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், வகுப்புப் பிள்ளைகளின் சிக்கல்களை ஆசிரியர்களிடம் கேட்டபோது தாய்லாந்து ஆசிரியர்கள் சொன்னவை அமெரிக்க ஆசிரியர்கள் சொன்னவற்றைவிட அதிகம். அத்தோடு நிறுத்தியிருந்தால் தாய்லாந்துப் பிள்ளைகள்தான் அதிகச் சிக்கல் உள்ளவர்கள் என்று உலகம் எழுதிக்கொண்டிருக்கும். ஆனால் அவர்கள் பயிற்சி பெற்ற பார்வையாளர்களை வகுப்பறைக்குள் அனுப்பி, கண்ணால் கண்டதை எண்ணச் சொன்னார்கள். அமெரிக்கப் பிள்ளைகளிடம் சிக்கலான நடத்தை ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. தாய்லாந்து வகுப்பறை எதிர்பார்க்கும் அடக்கம் அவ்வளவு உயர்ந்தது. அதிலிருந்து ஓர் இம்மி விலகினாலும் ஆசிரியர் கண்ணில் பட்டுவிட்டது. வினாப்பட்டியல் பிள்ளையோடு சேர்த்துப் பெரியவரின் பொறுமையையும் அளந்திருக்கிறது. சிடுசிடுப்புப் பட்டியலைப் பொறுத்தவரை இப்படியொரு நேரடி ஒப்பீடு இல்லாமல் எந்தப் பெற்றோர் வடிவத்தையும் முழுமையாக நம்பக் கூடாது என்பது என் கருத்து.

பெற்றோரும் பிள்ளையும் ஒரே மாதிரி சொல்வதில்லை என்பது இன்னொரு பக்கம். தாமஸ் ஆக்கன்பாக் குழு 1987இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெற்றோர் இருவரைப் போன்று ஒரே நிலையில் உள்ளவர்களின் கூற்றுகளுக்கு இடையே ஒத்திசைவு சராசரி 0.60, பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்வதற்கும் பிறர் சொல்வதற்கும் இடையே 0.22 மட்டுமே. இதைப் பிழை என்று தள்ளிவிட முடியாது. வீட்டில் அடங்கிப் பள்ளியில் வெடிக்கும் பிள்ளை உண்டு. வெளியில் சிரித்து உள்ளே எரியும் பிள்ளை உண்டு. பெண் பிள்ளையின் கோபத்தை 'வாய்த்துடுக்கு' என்றும் ஆண் பிள்ளையின் கோபத்தை 'வீரியம்' என்றும் எடுத்துக்கொள்ளும் வீடுகளில், பெற்றோர் தாள் ஆணையும் பெண்ணையும் ஒரே கோலால் அளக்காது. ஒவ்வொரு வினாவும் இரு பாலரிடமும் ஒரே விதமாக இயங்குகிறதா என்று தனித்தனியே சோதிக்கும் புள்ளியியல் முறைகள் கையில் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தாமல் இருக்கச் சாக்கு இல்லை.

புள்ளியியலார் இதை அளவு மாறாமை என்கிறார்கள். ஒரே அளவு சிடுசிடுப்புள்ள இரண்டு பிள்ளைகள், ஒன்று லண்டனில், ஒன்று போர்ட்டோ அலெக்ரேயில் இருந்தால், இரண்டும் ஒரே விடையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். கட்டமைப்பு ஒன்றாக இருப்பது இதன் முதல் படி மட்டும். ஒவ்வொரு வினாவும் சிடுசிடுப்போடு கொண்ட பிணைப்பு ஒன்றாக இருக்க வேண்டும். தொடக்கப் புள்ளியும் ஒன்றாக இருக்க வேண்டும். கடைசிப் படி தேறாமல் இரு நாட்டுச் சராசரிகளை அருகருகே வைத்து 'இங்கு அதிகம், அங்கு குறைவு' என்று சொல்வது தவறு. தேறுவது கடினம் என்பதால் முதல் படியோடு நின்று 'கட்டமைப்பு உறுதியானது' என்று முடித்துக்கொள்ளும் கட்டுரைகள் ஏராளம்.

ஆக்கன்பாக்கின் சிறார் நடத்தைப் பட்டியல் இதற்கு ஒரு நடைமுறை வழி கண்டது. 2007இல் லெஸ்லி ரெஸ்கார்லா முதலியோர் 31 சமூகங்களில் 55,508 சிறார்களின் பெற்றோர் தந்த விடைகளை ஒப்பிட்டார்கள். சமூகங்களுக்கு இடையே சராசரி கணிசமாக வேறுபட்டது. ஆகவே உலகத்துக்கெல்லாம் ஒரே வெட்டுப்புள்ளி என்பதைக் கைவிட்டு, குறைவான, நடுத்தரமான, அதிகமான மதிப்பெண் வரும் சமூகங்கள் என மூன்று தொகுப்புகளுக்குத் தனித்தனி வரம்புகளை வகுத்தார்கள். பக்குவமான தீர்வு. ஆனால் இதற்குப் பெரிய, ஊர்ப்பரவலான மாதிரி வேண்டும். மருத்துவமனைக்கு வந்தவர்களையும் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளையும் வைத்துச் செய்யும் சிறிய ஆய்வு வரம்பு வகுக்கப் போதாது.

கேட்கும் முறையில் வரும் மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எட்டு வயதுப் பிள்ளைக்கு 'கடந்த ஆறு மாதம்' என்பது கைக்கு எட்டாத காலம். பள்ளி திறந்த நாள், திருவிழா, பிறந்தநாள் என ஒரு கொம்பைக் காட்டினால்தான் பற்றிக்கொள்ளும். படிக்கத் திணறும் பெற்றோருக்குத் தாளை வாசித்துக் காட்ட வேண்டும். வாசிப்பவர் ஆசிரியராக இருந்தால் விடை ஆசிரியருக்கு ஏற்ற விடையாகிவிடும். டி.எஸ்.எம்-5 தன் கூடுதல் அளவைகளில் இதே பட்டியலைச் சேர்த்தபோது ஆறு மாதத்தை ஏழு நாளாகக் குறைத்தது. மருத்துவரின் வாராந்தரக் கண்காணிப்புக்கு அது உதவும். ஆனால் நாள்பட்ட சிடுசிடுப்பைப் பிடிக்கவென்றே பிறந்த பட்டியல் ஒரு வாரத்துக்குள் அடங்கும்போது, தேர்வு வாரத்துக் கோபமும் ஆண்டுக்கணக்கான கோபமும் ஒன்றாகிவிடுகின்றன. மொழிபெயர்ப்போர் இரண்டில் எதை எடுத்தார்கள் என்பதை முதல் வரியிலேயே சொல்ல வேண்டும்.

இதற்கெல்லாம் மாற்றாக, வெளியூர்ப் பட்டியலை ஒதுக்கிவிட்டு ஊரார் பேச்சிலிருந்தே கேள்விகளைத் திரட்டும் வழியும் உண்டு. கென்னத் மில்லர் குழு காபூலில் மக்கள் தம் துயரைச் சொல்லும் சொற்களைக் கேட்டு, 2006இல் ஆப்கன் அறிகுறிப் பட்டியலை வெளியிட்டது. நரம்புத் துடிப்போடு கூடிய எரிச்சல் நிலைக்கு அங்கு 'அசபி' என்று பெயர். அது பட்டியலில் இடம்பெற்றது. இலங்கையில் காயத்ரி பெர்னாண்டோ, பேரிடரையும் போரையும் கண்ட மக்களின் கதைகளிலிருந்தே உளசமூக நிலைக்கான அளவுகோலை உருவாக்கி 2008இல் எழுதினார். இவை ஊருக்கு உண்மையானவை. விலையாக, வேறு நாட்டோடு ஒப்பிட முடியாதவை. இரண்டு வழிகளும் எதிரெதிர் முகாம்களாக நிற்பது வீண். முதலில் ஊரார் பேச்சைத் திரட்டி, அதன் அருகில் ஏழு வாக்கியங்களை வைத்துப் பார்த்து, எவை பொருந்துகின்றன, எவை விடுபட்டன என்று கண்டு, பொதுவான ஏழோடு ஊருக்கு உரிய சில வினாக்களைத் தனிப் பகுதியாகச் சேர்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. பொதுப் பகுதி ஒப்பீட்டுக்கு. தனிப் பகுதி சிகிச்சைக்கு.

தமிழில் இந்த வேலையை எடுப்பவர்களுக்கும் இதே கடமைதான். சிடுசிடுப்புப் பட்டியலை ஆக்கியோருள் ஒருவரான குட்மேன் 1997இல் வெளியிட்ட பலமும் சிக்கலும் பற்றிய வினாப்பட்டியல் தமிழில் கிடைக்கிறது. ஆனால் இருபத்தைந்து வரிகளில் கோபத்துக்கு ஒரே ஒரு வரி. சிடுசிடுப்பை விரிவாகக் கேட்கத் தொடங்கினால் உடனே ஊர்கள் பிரியும். தமிழ்நாட்டில் எரிச்சல் என்றால் சினத்தின் முன்நிலை. யாழ்ப்பாணப் பேச்சில் 'எரிச்சல் பிடிச்சவன்' என்றால் பொறாமைக்காரன் என்ற பொருள் முந்திக்கொண்டு வரும். தமிழ்நாட்டுத் தாய் 'இவனுக்கு டென்ஷன் ஜாஸ்தி' என்று சொல்வது பெரும்பாலும் கோபத்தைத்தான். பாடநூல் மொழிபெயர்ப்பாளர் அதை மன அழுத்தம் என்று எழுதிவிடுவார். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் ஒரே தாளை நீட்ட முடியாது. போருக்குள் பிறந்து வளர்ந்த வன்னிப் பிள்ளைகளின் கோபத்துக்குக் காரணம் கேட்காத பட்டியல் எதைச் சொல்லும் என்பதும் சிந்திக்க வேண்டியது. தந்தை காணாமல் ஆக்கப்பட்ட வீட்டில் கோபம் நெடுநேரம் தணியாமல் இருப்பதை அளவுமீறியது என்று குறிக்க எவருக்கும் உரிமை இல்லை.

கடைசியாக, எந்த மொழி வடிவத்துக்கும் உரைகல்லாக நான் கருதுவது காலத்தைத்தான். சிடுசிடுப்பை அளப்பதன் நோக்கமே, பின்னால் மனச்சோர்வுக்குள் விழக்கூடிய பிள்ளையை முன்னால் அடையாளம் காண்பது. மொழிமாற்றிய தாளில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற பிள்ளைகள் ஐந்தாறு ஆண்டு கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்தால்தான் அந்த எண்ணுக்கு அந்த ஊரில் என்ன பொருள் என்று தெரியும். பிரேசிலுக்கு இதில் நல்வாய்ப்பு இருக்கிறது. போர்ட்டோ அலெக்ரே அமைந்த அதே மாநிலத்தின் பெலோட்டாஸ் நகரில் 2004இல் பிறந்த குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே பின்தொடர்கிறார்கள். பதினோரு வயதில் மருத்துவ நேர்காணல் முறையில் பார்த்தபோது அவர்களில் 2.5 விழுக்காட்டினருக்கு டி.எஸ்.எம்-5 சொல்லும் அந்தப் புதிய கோளாறு இருந்தது. அவர்கள் இப்போது இருபதைக் கடந்த இளைஞர்கள். சாவோ பாவ்லோவையும் போர்ட்டோ அலெக்ரேயையும் இணைத்து, 2,511 பள்ளிப் பிள்ளைகளோடு தொடங்கிய இன்னொரு நெடுங்கால ஆய்வும் நடந்துவருகிறது. வடகிழக்கிலும் இப்படி ஒன்று தொடங்கி, ஏழு வாக்கியங்களோடு வீட்டில் அடுப்பெரிந்ததா என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டால், பத்து மதிப்பெண் பெற்ற கரும்புத் தோட்டப் பிள்ளைக்கு வேண்டியது மாத்திரையா சாப்பாடா என்பதைப் பிரேசில் மருத்துவர்கள் எண்களோடு சொல்ல முடியும்.